மங்கிய பச்சைக்குள் இருப்பவர்கள்

ஒரு சிறுத்தை பாறைமேல் படுத்திருக்கிறது. மீசை முடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். கண்ணின் பாவைக்குள் வானத்து வெளிச்சம்கூடத் தெரிகிறது. அதற்குப் பின்னால் வழுவழுப்பாகக் கரைந்துபோன பச்சை, வேறொன்றும் இல்லை. நாட்காட்டியில், நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சுற்றுலா விளம்பரத்தில், செல்பேசித் திரையில் என்று இந்தப் படத்தை நாம் எல்லோரும் பலமுறை பார்த்திருக்கிறோம். விலங்கு மாறும், அந்தப் பச்சை மாறாது. அந்தப் பச்சை எப்படி வந்தது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரத்தை அபெர்ச்சர் என்பார்கள். அதை அகலமாகத் திறந்தால், ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம்தான் தெளிவாக விழும். அந்தத் தூரத்துக்குப் பெயர் டெப்த் ஆஃப் ஃபீல்ட். தமிழில் தெளிவின் ஆழம் என்று சொல்லிக்கொள்ளலாம். 600 மி.மீ. லென்ஸில் எஃப் 4 திறப்பு வைத்து, 20 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை எடுத்தால் அந்த ஆழம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். கண்ணும் மூக்கும் காதும் அதற்குள் அடங்கும், வால் அடங்காது. விலங்குக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் இடைவெளி கூடக்கூடப் பின்புலம் இன்னும் கரையும். அதனால்தான் புகைப்படக்காரர்கள் தரையோடு தரையாகப் படுத்து எடுக்கிறார்கள். லென்ஸ் தாழ்ந்தால் விலங்கின் காலடி மண் விலகி, வெகுதூரத்துக் காடு பின்புலமாகிவிடும். இப்படிப்பட்ட லென்ஸ் ஒன்றின் விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். கரைந்த பச்சை மலிவாகக் கிடைப்பதில்லை.

இதில் அழகு மோகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. காட்டு விலங்குகள் பல நடமாடுவது விடிகாலையிலும் அந்தியிலும். வெளிச்சம் போதாது, ஓடும் மானைப் பிடிக்க ஷட்டர் வேகம் வேண்டும், அபெர்ச்சரைத் திறந்தே ஆக வேண்டும். அறம் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியும் பாடப்புத்தகத்தின் படமும் நமக்குப் புலி என்ற இனத்தைக் காட்டின. பின்புலம் கரைந்த படம் இந்தப் புலியைக் காட்டுகிறது: காது கிழிந்த, நெற்றியில் தழும்புள்ள, வயதான ஒருத்தியை. கூட்டத்திலிருந்து ஒரு உயிர் பிரிந்து வந்து நம்மைப் பார்க்கிறது. பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டு, தனக்கென்று முகமில்லாமல் வாழ நேர்ந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். இன்னாரின் மகளாக, இன்னாரின் மனைவியாக அறியப்பட்டவள் ஒருநாள் தன் பெயரால் அழைக்கப்படுவது போன்றது அது.

டப்ளினில் பிறந்த தத்துவவாதி ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட 'தி சாவரின்டி ஆஃப் குட்' நூலில் ஒரு மாமியார் மருமகள் கதை வருகிறது. மாமியாருக்கு மருமகள்மேல் உள்ளூர இளக்காரம். நயம் தெரியாதவள், பக்குவம் போதாதவள் என்று நினைக்கிறாள். ஆனாலும் வெளியே எந்தக் குறையும் வைக்காமல் நடந்துகொள்கிறாள். பிறகு, தன் மனம்தான் குறுகியதோ, தனக்குத்தான் பொறாமையோ என்று யோசித்து, மருமகளை மறுபடி பார்க்கத் தொடங்குகிறாள். செய்கையில் ஒன்றும் மாறவில்லை, பார்வை மாறியது. அந்தப் பார்வை மாற்றமே ஒரு அறச்செயல் என்பது மர்டாக்கின் வாதம். கவனம் என்ற சொல்லை அவர் சிமோன் வெய்லிடமிருந்து எடுத்துக்கொண்டார்: அன்போடும் நேர்மையோடும் ஒன்றின்மேல் நிலைக்கும் பார்வை.

இந்த மாமியாரை நம் வீட்டுக்கு அழைத்து வருவோம். மறுபடி பார்க்கிறேன் என்று உட்காரும்போது அவள் எதைப் பார்க்க வேண்டும்? மருமகளின் முகத்தையா? காலை ஐந்து மணிக்கு அவள் பற்றவைக்கும் அடுப்பை, ஓடிப்போய் ஏறும் பேருந்தை, பிறந்த வீட்டுக்குப் போய் எத்தனை மாதமாயிற்று என்பதை, யார் சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்தா? இவற்றை விட்டுவிட்டு முகத்தை மட்டும் கனிவாகப் பார்ப்பவள் மருமகளை ரசிக்கிறாள். புரிந்துகொள்ள இன்னும் தொடங்கவில்லை. ஆக, கவனம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஒருத்தியை அவள் இருக்கும் இடத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்ப்பது. மற்றது, அவளை அவள் இருக்கும் இடத்தோடு பார்ப்பது. பின்புலம் கரைந்த படம் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதையும் செய்துவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது.

வால்பாறையை எடுத்துக்கொள்வோம். ஆனைமலையின் மேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கும் பீடபூமி அது. யானை, காட்டுமாடு, சிறுத்தை, சோலைமந்தி, இருவாச்சி எல்லாம் அந்தத் துண்டுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே போய்வருகின்றன. புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த ஊர். தேயிலைச் சரிவில் நிற்கும் காட்டுமாட்டை அகலத் திறந்த லென்ஸில் எடுத்தால் பின்னால் பட்டுபோல ஒரு பச்சை விழும். அந்தப் பச்சை ஒரு வேலைத்தலம். அங்கே கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தமிழ்ப் பெண்கள், இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பெண்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாகவோ நீலப் புள்ளியாகவோ கரைந்து கிடக்கக்கூடும். நிறம் பொருந்தினால் புகைப்படக்காரர் அதை விட்டுவைப்பார். பொருந்தாவிட்டால் கணினியில் துடைத்துவிடுவார்.

அந்தப் புள்ளிக்குக் காட்டுமாட்டோடு உறவு இருக்கிறது. எந்தச் செடி வரிசையில் அது படுத்திருக்கும், எந்நேரம் ஓடைக்கு இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்து. வேலை முடிந்து லைன் வீட்டுக்கு இருட்டில் நடக்கும் பாதையில் யானை நிற்கலாம். வீட்டு முற்றத்திலிருந்து பிள்ளையைச் சிறுத்தை தூக்கிச் சென்ற செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று செல்பேசிக்குச் செய்தி அனுப்பவும், பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியவும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அங்கே ஏற்பாடு செய்தார்கள். விளக்கை எரியவைப்பது உள்ளூர்க்காரர்கள்தான். அந்த மலையில் யானை இன்றும் உயிரோடு இருப்பதற்கு, தினமும் அதற்கு வழிவிட்டு, அதன் நேரத்துக்குத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளும் இந்த மனிதர்களும் ஒரு காரணம். படத்தில் அவர்கள் ஒரு நிறம்.

ஆஸ்திரேலியப் பெண்ணியத் தத்துவவாதி வால் ப்ளம்வுட் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார். 1993இல் வெளிவந்த 'ஃபெமினிசம் அண்ட் தி மாஸ்டரி ஆஃப் நேச்சர்' நூலில் ஆதிக்கம் இயங்கும் வழிகளைப் பட்டியலிட்டவர், அவற்றில் முதலாவதாகப் பின்னணியாக்குவதைச் சொன்னார். ஒருவரின் உழைப்பைச் சார்ந்தே வாழ்வது. அந்தச் சார்பை ஒப்புக்கொள்ளாமல், உழைப்பவரைக் காட்சியின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது. மனைவி சமைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பவரும், மண்ணும் தண்ணீரும் தந்த விளைச்சலை எடுத்துக்கொண்டு அவற்றைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரமும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. ப்ளம்வுட் இதை ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. 1985 பிப்ரவரியில் காக்கடு தேசியப் பூங்காவில் தனியாகப் படகோட்டிச் சென்றபோது முதலை அவரைக் கவ்வி மூன்று முறை தண்ணீருக்குள் உருட்டியது. தப்பி, படுகாயத்தோடு பிழைத்தார். அந்த முதலையைச் சுட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் எதிர்த்தார். அது தன் இடத்தில் இருந்தது, நுழைந்தது நான் என்றார். உலகம் நமக்குப் பின்னால் விரித்த திரைச்சீலை என்ற எண்ணம் அந்தத் தண்ணீருக்குள் அவரைவிட்டுப் போயிற்று. அவரே இன்னொரு உயிரின் உணவாக இருந்தார்.

பின்னணிக்குத் தள்ளப்படுபவருக்கு இழைக்கப்படும் அநீதி புரிகிறது. முன்னணியில், அந்த ஒரு சாண் தெளிவுக்குள் நிற்கும் உயிருக்காவது நியாயம் கிடைக்கிறதா? லாரா மல்வி 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹாலிவுட் படங்களைப் பற்றி ஒன்றைக் கவனித்தார். நாயகனுக்குத் திரையில் முழு வெளி தரப்படுகிறது: அவன் நடக்க, கதவு திறக்க, உலகத்தை மாற்ற. நாயகியை அண்மைக் காட்சியில் காட்டும்போது அந்த ஆழம் இல்லாமல் போகிறது. முகமோ காலோ வெட்டி ஒட்டிய படம்போலத் தட்டையாகிறது. கதை நின்றுவிடுகிறது, பார்ப்பது தொடர்கிறது. நம் சினிமாவின் பாடல் காட்சிகளில் நாயகியின் பின்னால் கரையும் மலர்த்தோட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும், மல்வி சொன்னது விளங்கும். தெளிவாகத் தெரிவதால் மட்டும் ஒருத்திக்கு மதிப்பு கிடைத்துவிடாது. அவள் எதையும் செய்ய முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

கரைந்த பச்சைக்கு முன்னால் இருக்கும் சிறுத்தையும் அப்படித்தான். அது எதைத் தின்கிறது, எந்தச் சாலையைக் கடக்கிறது, எந்தக் குவாரியின் வெடிச்சத்தத்தில் குட்டியை இடம் மாற்றுகிறது என்பதெல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டது. வாழ்க்கை போய் அழகு மிஞ்சியது. அழகை மட்டும் நேசிக்கப் பழகியவர்களுக்கு, அந்த அழகு உயிர்வாழ என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றாது. பெண்ணைப் போற்றுகிறோம் என்று சொல்லும் சமூகத்தில் வாழும் நமக்கு இது பழகிய கதை.

சரி, எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும் லென்ஸ் நியாயமானதா? அப்படியும் சொல்ல முடியாது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ட்ரிஷாந்த் சிம்லாய் 14 மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சாண்ட்ப்ரூக்கோடு சேர்ந்து எழுதிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. காட்டில் விலங்குகளைப் பதிவுசெய்ய வைத்த தானியங்கி கேமராக்களில் பெண்கள் பதிவாகிறார்கள். இந்தச் சிறு லென்ஸ்களில் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். இயற்கைக் கடன் கழிக்கப் போன ஒரு பெண்ணின் படம் அப்படி விழுந்து, உள்ளூர் செல்பேசிக் குழுக்களில் சுற்றியது. கோபம் கொண்ட ஊர்க்காரர்கள் கேமராக்களை உடைத்தார்கள்.

அந்தப் பெண்களுக்குக் காடு விறகும் புல்லும் எடுக்கும் இடம் மட்டும் அல்ல. குடிகாரக் கணவனின் அடியிலிருந்து கொஞ்ச நேரம் தள்ளியிருக்கும் இடம்; ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசும் இடம். அவர்கள் பாடிக்கொண்டு போவார்கள், புலியும் யானையும் சத்தம் கேட்டு விலகட்டும் என்று. கேமரா வந்த பிறகு குரல் தாழ்ந்தது. சிலர் கேமரா இல்லாத, பழக்கமில்லாத பகுதிகளுக்குப் போனார்கள். அப்படிப் போவதாகச் சொன்ன ஒரு பெண் 2019இல் புலி தாக்கி இறந்தார். ஒரே காட்டில் இரண்டு லென்ஸ்கள். விலை உயர்ந்த லென்ஸ் அவளைக் கரைத்துவிடுகிறது. மரத்தில் கட்டிய லென்ஸ் அவளைக் கேட்காமல் தெளிவாகப் பிடிக்கிறது. இரண்டிலும் அவள் அங்கே இருக்கும் உரிமையோடு இருப்பவளாகப் பதிவாகவில்லை. முன்னதில் இல்லாதவள், பின்னதில் அத்துமீறியவள்.

படம் வெறும் படம்தானே, இதில் எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். ஆளில்லாத காடு என்ற ஒரு கற்பனை நகரத்து மனங்களில் ஆழமாக இருக்கிறது. அதை வளர்த்ததில் கரைந்த பச்சைக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. மனிதர் இல்லாத படங்களையே பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, காட்டிலிருந்து ஒரு குடியிருப்பை வெளியேற்றும் செய்தி காட்டைச் சுத்தம் செய்வதுபோலக் கேட்கும். 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் ஒரு அடி வைத்தது. காட்டில் வாழ்பவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்றது. மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா தர வேண்டும் என்றது. பின்னணியில் இருந்தவளின் பெயரை எழுதச் சொன்ன சட்டம் அது. அந்தப் பட்டாவுக்காக இன்னும் அலைகிறவர்கள் ஏராளம். இந்தப் போராட்டத்தைப் பார்க்கும் கண்ணை நமக்குப் படங்கள்தான் பயிற்றுகின்றன, அல்லது மழுங்கடிக்கின்றன.

மங்கல் ஒரு காப்பாகவும் இருக்க முடியும். காண்டாமிருகம் எந்த இடத்தில் மேய்கிறது என்று பின்னால் தெரியும் மலையை வைத்தே வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்துவிடலாம். கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் அரிய பறவையின் மரத்தை அடையாளம் காட்டினால் மறுநாள் நூறு கேமராக்கள் அங்கே நிற்கும். இங்கே பின்புலத்தைக் கரைப்பது அக்கறை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் குற்றம். அவள் முகத்தை மங்கலாக்குவது அவளுக்காக. ஆக, மங்கலாக்குவது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்காக மங்கலாக்கப்பட்டது? மங்கலாக்கப்பட்டவருக்கு அதில் நன்மை உண்டா, அல்லது பார்ப்பவருக்கு மட்டும் வசதியா? இந்த இரண்டு கேள்விகளில் அநேகமாக எல்லாம் அடங்கிவிடும்.

நம் மொழிக்கு இதில் ஒரு பழைய அறிவு இருக்கிறது. தொல்காப்பியம் வகுத்த திணைக்குள் விலங்கு தனியாக நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் விலங்கும் பறவையும் மரமும் தெய்வமும் மக்களின் தொழிலும் கருப்பொருள். குறிஞ்சியில் யானை வந்தால் கூடவே தினைப்புனமும் வரும், கிளி ஓட்டும் பெண்ணும் வருவாள். அந்தப் பெண் காவல்காரி. விளைச்சலுக்கும் விலங்குக்கும் நடுவே தினமும் நிற்பவள். ஆனால் இந்தப் பழமையைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். நிலமும் விலங்கும் அங்கே கடைசியில் மனித உள்ளத்தைச் சொல்லும் குறிப்புகளாகிவிடுகின்றன. முல்லை நிலத்துப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டது காத்திருத்தல். இடத்தோடு காட்டுவது ஒன்று. இடம் இதுதான் என்று ஒருத்தியை நிறுத்திவைப்பது வேறு. திணையிலிருந்து முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட நமக்கு உரிமை உண்டு.

அப்படி எடுத்த படங்கள் இல்லாமல் இல்லை. மும்பை ஆரே காலனியில் நயன் கானோல்கர் எடுத்த ஒரு படம் 2016இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் நகர்ப்புறப் பிரிவில் வென்றது. இரவில் ஒரு சந்து. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். நடுவே சிறுத்தை நடந்து வருகிறது. அந்த வீடுகளில் வார்லி மக்கள் வாழ்கிறார்கள். புலியும் சிறுத்தையும் அவர்களுக்கு வாகோபா என்ற தெய்வத்தின் உருவம். சந்து தெளிவாக இருப்பதால் அந்தப் படம் ஒரு கேள்வியையும் தாங்கி நிற்கிறது: இந்த வீடு போனால் இந்தச் சிறுத்தை எங்கே போகும், இந்தக் காடு போனால் இந்த வீடு என்ன ஆகும்? 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் 2000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியபோது தடுக்கப் போனவர்களில் ஆதிவாசிப் பெண்களும் இருந்தார்கள்.

கனடாவின் ஜோ-ஆன் மெக்ஆர்தர் கேமரூனில் எடுத்த ஒரு படம் 2018இல் அதே போட்டியின் மக்கள் தேர்வு விருதைப் பெற்றது. ஓடும் வண்டிக்குள், கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட கொரில்லா ஒன்று தன்னை வளர்ப்பவரின் மார்பில் சாய்ந்திருக்கிறது. காடு படத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் அந்த உயிர் பிழைத்திருப்பதற்கு யாருடைய கை காரணம் என்று தெரிகிறது. பராமரிப்பு என்ற வேலை, பெரும்பாலும் பெண்களின் வேலையாக மறைந்துகிடப்பது, இங்கே ஒரு ஆணின் கையில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

இன்று இந்த லென்ஸ் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. செல்பேசியின் போர்ட்ரெய்ட் முறையில் மென்பொருளே கணக்கிட்டு, யார் முக்கியம், யார் பின்னணி என்று ஒரு நொடியில் தீர்மானித்து மற்றவர்களைக் கரைத்துவிடுகிறது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்வது வீண். ஒரு முகத்தை மட்டும் பார்க்கத் தோன்றும் நேரங்கள் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. கரைக்கும்போது கரைக்கிறோம் என்று தெரிந்திருக்கட்டும். படத்தின் கீழே எழுதும் வரியில் இடத்தின் பெயரும் அங்கே உழைப்பவர்களும் வரட்டும். பத்துப் படங்கள் எடுத்தால், அபெர்ச்சரைச் சுருக்கியோ இரண்டடி தள்ளி நின்றோ, பின்னால் இருப்பது தெரியும்படி ஒன்றாவது எடுக்கலாம். பார்ப்பவர்களாக நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. அடுத்த முறை அந்த வழுவழுப்பான பச்சையைப் பார்க்கும்போது, விலங்கை வியந்து முடித்த பிறகு, ஒரு நிமிடம் அந்தப் பச்சையையும் பார்க்கலாம். அங்கே ஒருத்தி குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். விலங்கு எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.